மெருகு போட்ட பேச்சு

போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே குட்டைப்பாளையத்துக்கு பேண்டேஜ் துணி ஆர்டர் வந்துவிட்டது.

அப்போது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வேட்டியும் துண்டும் ஓடிக்கொண்டிருந்த தறிகளில் திடீரென்று வலை போன்ற வெள்ளைத் துணி ஓடியது. கூலியைக் கூட்டிக் கொடுத்தார்கள். தறிக்குடோன் முதலாளிகள் லட்டு கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் ஊரில் உள்ள எல்லா ஃபோன்களும் ஒரே சமயத்தில் அலறின. எதிரி எல்லையைத் தாண்டிவிட்டானாம். துணியெல்லாம் நெய்து மூட்டை கட்டும் வரைக்கும் எதிரி பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஊருக்குக் காய்ச்சல் பிடித்தது. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் ஒலிபெருக்கிகளைப் பண்டிகை இல்லாமலே கட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கொடியாட்ட வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்ததும், அதையும் படம் பிடித்து "மயங்கினாலும் கொடியை விடாத பிஞ்சுகள்" என்று போட்டார்கள். டீக்கடையில் ஒருவர், "இந்தச் சண்டை எதுக்குன்னு ஆருக்காவது தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை.

கோகிலாவின் மகன் தர்ஷன் முதல் அணியிலேயே போனான்.

அவனுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லச் சொன்னால் 'த' என்ற எழுத்திலேயே நின்றுவிடுவான். படிப்பை விட்டுத் தறிக்குடோனுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. அங்கே யார் பேசினாலும் கேட்காது. முப்பது தறிகள் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் காற்றுதான் வரும். அதனால் குடோனில் எல்லோரும் கையால் பேசுவார்கள். இரண்டு ஆட்காட்டி விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. வாய் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் திருகினால், மேஸ்திரி சொல்வது பொய், நம்பாதே. இப்படி நூறு பேச்சு உண்டு. அந்தக் கைப்பேச்சில் தர்ஷனை மிஞ்ச ஆள் இல்லை. மேஸ்திரியின் நடையையும் முதலாளியின் தும்மலையும் கையாலேயே செய்து காட்டுவான். நான்கு தறி தள்ளி நிற்கும் சரோஜா சிரித்துச் சிரித்து நூல் அறுந்ததைக் கவனிக்காமல் திட்டு வாங்குவாள்.

போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்துத் திரையில் வந்து பேசுவார்கள். வீட்டுக்குத் தனியாகப் பேச அனுமதி இல்லை. வீரன் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, வார்டுக்கே சொந்தம் என்றார்கள். மணமக்கள் உட்காரும் மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் திரை. முன்வரிசையில் போனவர்களின் அம்மாக்கள்.

தர்ஷன் முதல்முறை வந்தபோது முகம் மட்டும் தெரிந்தது. கறுத்திருந்தான்.

"அம்மா, நான் இங்கே நலமாக இருக்கிறேன். நாம் வென்றுகொண்டிருக்கிறோம்" என்றான்.

மண்டபமே கைதட்டியது. "திக்குவாய் போயிருச்சு பாருங்க! பட்டாளம் போனா எல்லாம் சரியாயிரும்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கோகிலா கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் அணிதிரட்டல் அலுவலரிடம் போனாள்.

அலுவலர் சிபிச்சக்கரவர்த்திக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரையும் கும்பிட்டுப் பேசுவார். அவர் போருக்குப் போகிற வயதில்தான் இருந்தார். ஆனால் ஆள் சேர்ப்பது போருக்குப் போவதைவிடக் கடினமான சேவை என்று அரசாங்கம் அவருக்குச் சொல்லியிருந்தது. அவரும் அதை நம்பினார்.

"ஏனுங் சார், அது என்ற பையனுங்களா?"

"என்னங்கம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க பையன்தான். நேரடி ஒளிபரப்பு."

"அவனுக்குப் பேச்சு திக்குமுங்க. இப்படி ரேடியோல படிக்கற மாதிரி பேச மாட்டானுங்க. என்னைய அம்மான்னு கூப்பிடறதுக்கே நாலு தடவை மூச்சு வாங்குவான்."

சிபி சிரித்தார். "அது மெருகும்மா. வீரர்கள் வாய் தவறி ஊர் பேர், இடம் பேர் சொல்லிருவாங்க. எதிரி ஒட்டுக் கேட்பான். அதனால பேச்சு வர்றப்பவே மெஷின் அதைத் துடைச்சு, அதே குரல்ல, அதே வாயசைவுல சுத்தமா கொடுத்திரும். இருமல், திக்கல் எல்லாம் அதுல போயிரும். உங்களுக்கு நல்லதுதானே?"

"திக்கறது நோயில்லீங். அது அவன் பேச்சு. அதை எதுக்குத் துடைக்கறீங்?"

"நாட்டுக்காகம்மா" என்று சொல்லிக் கும்பிட்டார் சிபி. அவர் கும்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது வாரம் திரையில் தர்ஷன், "தங்கை தாரணியும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்" என்றான். தாரணி அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்தொன்பது வயது. அம்மா தறி ஓட்டிய அதே குடோனில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கோகிலா சோற்றுத் தட்டை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஆரைக் கேட்டுப் பேர் குடுத்த?"

"அண்ணன் கூப்பிட்டாம்மா. ஊரே கேட்டுச்சு."

"அவன் கூப்பிட மாட்டான் சாமி. நீ சைக்கிள்ல விழுந்தாலே அவன் அழுவான்."

"அண்ணன் முன்ன மாதிரி இல்லீம்மா. அவன் இப்பப் பேசறான். நாலு பேர் கைதட்டறாங்க. நானு காலம் பூரா தார் சுத்தீட்டே இருக்கறதா? என்னைய ஒருநாளாச்சும் ஆராவது நிமிந்து பாத்தாங்களா?"

மகளை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

கட்டாயம் இல்லை என்று சட்டம் சொன்னது. பெயர் கொடுத்தவர், குறித்த ஞாயிறன்று ஊர் பார்க்கத் தானாக நடந்து வந்து மேடை ஏற வேண்டும். வீட்டுப் பெரியவர் நெற்றியில் திலகம் இட வேண்டும். ஏறவில்லையென்றால் சேர்ப்பு இல்லை. அதனால் இந்தப் போரில் போனவர்கள் எல்லோருமே தாமாகப் போனவர்கள்தான் என்று அரசாங்கம் மார்தட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு தர்ஷன் திரையில் வந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தான். மார்பும் வயிறும் தெரிந்தன. மடியில் இருந்த கைகளும் தெரிந்தன.

"அம்மா, இங்கே உணவு சிறப்பாக இருக்கிறது" என்றது வாய்.

கைகள் நகர்ந்தன. வலது கை மெல்ல மேலே வந்து சொந்த உதட்டைத் தொட்டது. பிறகு வாய் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் திருகியது.

கோகிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் சரோஜா அவள் தொடையைப் பிடித்து அழுத்தினாள்.

"வெற்றி நெருங்கிவிட்டது" என்றது வாய். இரண்டு ஆட்காட்டி விரல்களும் சேர்ந்து பிரிந்தன, சேர்ந்து பிரிந்தன. அறுந்துபோச்சு. எல்லாமே அறுந்துபோச்சு.

"தங்கையை விரைவில் அனுப்பி வையுங்கள்" என்றது வாய். உள்ளங்கை கவிழ்ந்து கீழே அமுங்கியது. நிறுத்து. நிறுத்து. நிறுத்து. அவன் கண்கள் எங்கேயோ கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆளை ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். அவர்கள் கைகள் மடியிலேயே கிடந்தன. சிபி இரண்டு பகுதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாரணி வீடு வரைக்கும் அம்மாவுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என்னையப் பாத்துத்தான் நிறுத்துன்னான், இல்லீம்மா?" என்றாள்.

"ஆமாஞ்சாமி."

"நானு போகல."

மறுநாள் குடோனில் தறிகள் நின்றன. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. சரோஜா தன் தறியை நிறுத்தினாள், பக்கத்துத் தறி நின்றது, அப்படியே வரிசையாக நின்றுகொண்டே போனது. குடோன் அமைதியானதும் பலருக்குக் காது வலித்தது.

அந்த அமைதியில் முதலில் பேசியவர் மேஸ்திரி பொன்னுரங்கம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோகிலா, உன்ற பையன் சொன்னது எனக்கும் புரிஞ்சுது. ஆனா நாம ஓட்டறது துப்பாக்கி இல்லியே. காயத்துக்குக் கட்டற துணி. நீ தறிய நிறுத்துனா சண்டை நிக்காது. அடிபட்டவனுக்குக் கட்டுத்துணி இருக்காது, அவ்வளவுதான். நாளைக்கு அது உன்ற பையனா இருந்தா?"

சரோஜா வெடித்தாள். "அப்படிப் பாத்தா நாம எப்பத்தானுங் நிறுத்தறது? சண்டை வர்றதுக்கு முன்னாடியே காயத்துக்குத் துணி அளந்தானுங்களே, அப்ப இத்தனை பேரு அடிபடுவாங்கன்னு கணக்குப் போட்டுத்தானே ஆர்டர் குடுத்தானுக? நம்ம பசங்களுக்கு நம்ம கையாலயே கட்டு நெய்ய வெச்சிருக்கானுகளே, கெரகம் புடிச்சவனுக!"

மத்தியானம் சிபி வந்தார். போலீஸ் வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அவர் தனியாக வந்ததே சங்கடமாக இருந்தது. திட்டவில்லை, மிரட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏதோ கை பாஷை இருக்காமே? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்."

"அதுக்கென்னங் சார்" என்றாள் சரோஜா. ஒரு கையை இடுப்பில் வைத்து மற்றொரு கையால் ஏதோ செய்து காட்டினாள். "இதுக்கு வணக்கம்னு அர்த்தமுங்."

சிபி அதை அப்படியே செய்தார். குடோனே குலுங்கிச் சிரித்தது. பொன்னுரங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சிபியும் சிரித்தார். கெட்ட வார்த்தை என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

"பரவால்லீங்க. நீங்க சொல்லித் தர வேண்டாம்" என்றார். கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு தறிக்கு மேலேயும் ஒரு சின்னக் கேமரா இருந்தது. நூல் எத்தனை தடவை அறுகிறது என்று பார்ப்பதற்காக அரசாங்க ஆர்டரோடு வந்தவை. "ஒரே ஒரு வேண்டுகோள். பையனை நீங்க தப்பாப் புரிஞ்சிருக்கலாம். அடுத்த ஞாயிறு அவரே தெளிவாச் சொல்லட்டும். அதுவரைக்கும் தறி ஓடட்டும். சரிங்களா?"

நியாயமாகத்தான் இருந்தது. பொன்னுரங்கம் கேட்ட கேள்வியும் எல்லோருக்குள்ளும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் தறிகள் ஓடின.

ஞாயிறன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. தாரணி பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். "எழுதித் தர்றதெல்லாம் எதுக்கு? மேடை ஏறலேன்னா சேர்ப்பே இல்லையே, நீங்க சும்மா வந்து உட்காருங்க" என்று சிபி சொல்லியிருந்தார்.

திரையின் மூலையில் புதிதாக ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் இந்த மண்டபமே தெரிந்தது. "போர்முனையில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் உங்களை இப்படித்தான் பார்க்கிறார்கள்" என்று ஒரு குரல் சொன்னது. ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் கட்டத்தில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கையாட்டினார்கள்.

முதலில் தெற்கு வீதியிலிருந்து ஒரு பையன் மேடை ஏறினான். அவன் அம்மா திலகம் இட்டாள். சிபி மைக்கில், "ஊர் பார்த்ததா?" என்று கேட்டார்.

"பார்த்தோம்!" என்றது மண்டபம்.

பிறகு தர்ஷன் வந்தான். போன வாரம் போலவே நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. வாய் ஏதோ சொன்னது. அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கைகளைப் பார்த்தார்கள்.

கைகள் பேசின. தறியை ஓட்டு. நூல் ஓடுது. நான் நல்லா இருக்கேன். தங்கச்சியை அனுப்பு. நடுவில் மேஸ்திரியின் நடையைக்கூடச் செய்து காட்டின. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குடோன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். "நல்லாத்தான் இருக்கறான். போன வாரம் நாமதான் தப்பா எடுத்துக்கிட்டோம்" என்று பொன்னுரங்கமே சொன்னார். கைகள் பொய் சொல்லும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. குடோனில் வாயைத்தான் நம்ப மாட்டார்கள்.

கோகிலாவுக்கும் ஒரு நொடி நெஞ்சு இளகியது. பையன் சிரிக்கிறானே.

தாரணி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

"அம்மா. அது உன்ற கை."

"என்ன சொல்ற?"

"நிறுத்துன்னு, ஓட்டுன்னு காட்டறதுக்கு முன்னால கையை இடுப்புல துடைக்கறான் பாரு. அது நீ பண்றது. அண்ணன் அப்படிப் பண்ணவே மாட்டான். சுண்டு விரலை மடக்கறதும் நீதான். நானு உன்ற எதுக்கால நின்னு தினமும் பாக்கறேன்ம்மா. எனக்குத் தெரியாதா?"

கோகிலா பார்த்தாள். மகனின் முகத்துக்குக் கீழே, மகனின் சட்டைக் கைகளுக்குள்ளிருந்து, அவளுடைய கைகள் வெளியே வந்து, அவளுடைய மகளை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தன. தறிக்கு மேலே இருந்த அந்தச் சின்னக் கண்கள் நூலை மட்டும் பார்க்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் ஏறியது வேறு.

"எந்திரி. போலாம்" என்றாள்.

இருவரும் எழுந்து சுவரோரமாக நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை நெருங்கும்போது சிபியின் குரல் மைக்கில் கேட்டது. "அடுத்ததாக, வீரர் தர்ஷனின் தங்கை, செல்வி தாரணி!"

தாரணி திரும்பினாள். மூலையில் இருந்த கட்டம் பெரிதாகிச் சுவர் முழுக்கப் பரவியிருந்தது. அதில் அவளும் அம்மாவும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இருந்த தாரணி எழுந்தாள். தாவணியைச் சரிசெய்துகொண்டு படி ஏறினாள். திரையில் இருந்த கோகிலா கண்ணீரோடு அவள் நெற்றியில் திலகம் இட்டாள். அவ்வளவு அழகாகக் கோகிலா தன் கல்யாண ஆல்பத்தில்கூட இருந்ததில்லை.

திரைக்கு முன்னால் இருந்த நிஜ மேடையில் சிபியைத் தவிர யாரும் இல்லை. அந்த மேடையை மண்டபத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. சரோஜா மட்டும் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பார்த்ததா?" என்றார் சிபி.

"பார்த்தோம்!"

"அம்மா!" என்று தாரணி அலறினாள். ஒலிபெருக்கியில் எழுந்த பாட்டில் அது அமுங்கிப்போனது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கதவுக்குப் பக்கத்தில் மண்டபத்தின் மெயின் சுவிட்ச் இருந்தது. கோகிலா அதன் பெட்டியைத் திறந்தாள். திரையில் தர்ஷன் மறுபடி வந்திருந்தான். பொய்க் கையும் பொய்ப் பேச்சுமாக இருந்தாலும் கண் அவனுடையது. இதை அணைத்தால் அந்தக் கண்ணையும் அவள் இனிப் பார்க்க முடியாமல் போகலாம். மண்டபத்துக்குள் மறுபடி அவளை விட மாட்டார்கள். கை கைப்பிடியிலேயே நின்றது. தாரணியைக் கேட்டு முடிவெடுக்கவும் முடியாது.

உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கினாள்.

திரை செத்தது. பாட்டு அறுந்தது. திரைக்காக ஜன்னல்களில் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணிகளின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெயில் கசிந்தது. மின்விசிறிகள் மெல்ல நின்றன.

"என்ற புள்ள இங்க நிக்கறா!" என்று கோகிலா கத்தினாள். தறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய தொண்டை அது. "மேடைல ஏறுனது ஆருன்னு எனக்குத் தெரியாது. என்ற புள்ள கதவுகிட்ட நிக்கறா. வந்து தொட்டுப் பாருங்க!"

நாற்காலிகள் உரசின. யாரோ தடுமாறி நடந்து வந்தார்கள். சரோஜாதான். தாரணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். தோளைத் தடவினாள். நெற்றியைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"பொட்டே இல்லீங்க" என்றாள் இருட்டைப் பார்த்து. "வெறும் நெத்தி. வேர்த்திருக்கு."

அதற்குப் பிறகு இன்னொரு கை வந்தது. அதற்குப் பிறகு பொன்னுரங்கத்தின் கை. அவர் தாரணியின் தலையைத் தொட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். "போன வாரம் சொன்னதுதான் அவன் சொன்னதா?" என்று கேட்டார்.

மேடையிலிருந்து சிபியின் குரல் மைக் இல்லாமல் வந்தது. மைக் இல்லாமல் அது சின்னக் குரலாக இருந்தது. "கரண்ட் போனா ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாம் முறைப்படி நடந்துதான் இருக்கு. நீங்க எல்லாரும் சாட்சி. இன்னொரு தடவை கேட்கிறேன். தாரணி மேடை ஏறியதை ஊர் பார்த்ததா?"

பழக்கத்தில் இரண்டு மூன்று பேர் வாயைத் திறந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்கள்.

"ஊர் பார்த்ததா?"

பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாகச் சொன்னது.

"இல்லீங் சார். நாங்க திரையைத்தானுங் பாத்தோம்."